நாற்பத்தொன்றாம் கட்டில்

ஜூலை இருபத்து மூன்று, வியாழக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். மலையாளக் கணக்கில் கர்க்கடகம் ஏழு. மழை விட்டுப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. ஓட்டு விளிம்பில் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. வருஷத்தைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்.

எஸ்தர் சிஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில். வெள்ளைத் தொப்பியில் நான்கு ஊசி. நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரையில் என் பெயர் இருந்தது. ஹரிஹரன், ஆண், வயது ஐம்பத்தெட்டு, கட்டில் நாற்பத்தொன்று. அதற்குக் கீழே, நோயாளி எப்படி வெளியேறுகிறார் என்ற கேள்வி. ஒன்று, குணம். இரண்டு, தேவலை. மூன்று, டாக்டர் பேச்சைக் கேளாமல் போனது. நான்கு, மரணம். எல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தது. நான் தமிழில் தருகிறேன்.

அவர் நான்கை அமுக்க வேண்டும். அமுக்கினால் பரீட்சை முடிந்தது. பதினெட்டு நர்சுகளில் பதினேழு பேர் அமுக்கியாயிற்று. பத்து மணிக்குள் தேறியவர்களின் பட்டியலை நான் செக்ரட்டரியிடம் கொடுக்க வேண்டும். தேறாதவர்கள் முதல் தேதியிலிருந்து வார்டில் இருக்க முடியாது. ஸ்டோருக்குப் போய்ப் பஞ்சும் பாண்டேஜும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அமுக்குங்கோ சிஸ்டர். ஒரு கட்டைதான் பாக்கி" என்றேன்.

"இல்ல சாரே" என்றார். "நான் அமுக்க மாட்டேன்."

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன்

அது ஒரு தர்ம ஆஸ்பத்திரி. சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவின் வியாபாரிகள் சேர்ந்து நடத்தியது. அதன் ரெக்கார்டு அறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்ற பதினாறாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் வருகிறது, நர்சுகளுக்குச் சொல்லித்தர உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், கம்பெனிக்காரர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்றார்கள்.

எனக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எந்தக் காகிதம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகும் என்று தெரியும். அது போதும் என்றார் செக்ரட்டரி அண்ணாச்சி. அவருக்குச் சாலையில் அரிசி மண்டி. கம்ப்யூட்டரையும் அவர் மூட்டையாகத்தான் பார்த்தார்: இத்தனை உள்ளே வந்தது, இத்தனை வெளியே போனது.

இங்கே ஒரு குறுக்கீடு. கிழக்கேகோட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரை ஆயிரத்து நாற்பது அடி என்று இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர், அது தன் நடையில் எண்ணூற்றைம்பதுதான் வரும் என்று கடிதம் போட்டிருக்கிறார். அவர் நெட்டையாக இருக்கலாம். நான் ஐந்தடி மூன்று அங்குலம்.

பழைய துணி அறையைக் காலி செய்து ஐந்து கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். ஏசி போட்டார்கள். தூசி படாமலிருக்க, தலையணை உறை தைக்கிறவரைக் கொண்டே பச்சைத் துணியில் உறை தைத்துப் போட்டார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். நர்சுகள் வெறுங்காலோடு, குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் ஏதோ நேர்த்திக்கடனுக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

எஸ்தர் சிஸ்டர் முதல் நாளே லுக்கோபிளாஸ்டர் சுருளோடு வந்தார். சின்னச் சின்னத் துண்டாகக் கத்தரித்து, அவசரத்துக்கு வேண்டிய ஆறு கட்டைகளின் மேல் ஒட்டி, மையால் எழுதினார். கம்பெனியிலிருந்து வந்த பிந்து என்ற பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் நாள் ஐந்து கம்ப்யூட்டரிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

என் பெயர் எப்படி அதில் ஏறியது

பழகுவதற்கு ஒரு நோயாளி வேண்டும். சும்மா ஒரு பெயரைப் போடுங்கள் என்றேன். யாரும் போடவில்லை. இல்லாத வியாதியை ஒரு மனுஷன் பெயரில் எழுத மாட்டோம் என்று பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நடக்காததைச் சார்ட்டில் எழுதக் கூடாது என்பது அவர்களுக்கு நர்சிங் ஸ்கூலில் முதல் பாடமாம். அதோடு யாருக்கும் தன் அப்பா பெயரையோ மாமனார் பெயரையோ தர மனமில்லை. சாமி பெயர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். கற்பனையாக எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் யாருக்காவது ஒரு சித்தப்பா இருந்தார்.

நாற்பது நிமிடம் வீணாயிற்று. என் பெயரைப் போடுங்கள் என்றேன்.

வயது, ரத்த அழுத்தம், உப்பில்லாப் பத்தியம் எல்லாம் என்னுடையதையே கொடுத்தேன். அந்த அளவுக்காவது நிஜமாக இருக்கட்டும் என்று.

அடுத்து கட்டில் நம்பர். அந்த ஆண்கள் வார்டில் நாற்பது கட்டில். ஒவ்வொன்றும் ஒரு வியாபாரி கொடுத்தது. தலைமாட்டில் பித்தளைத் தகட்டில் பெயர். அந்தக் கட்டிலில் படுப்பவரின் கஞ்சியும் மருந்தும் அவர் கணக்கில் போகும். கொடுத்தவர் இல்லாமல் கட்டில் இல்லை என்பது ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து உள்ள விதி. ஆகவே யாரும் பயன்படுத்தாத நம்பராக நாற்பத்தொன்றைப் போட்டேன். கம்ப்யூட்டர் விடவில்லை. கட்டில் கொடுத்தவர் யார் என்று கேட்டது. காலியாக விட்டால் கூவியது.

"அங்கிள், எந்தெங்கிலும் ஒரு பேர் இட்டா மதி" என்றாள் பிந்து. ஏதாவது ஒரு பெயர் போதுமாம்.

அங்கேயும் என் பெயரையே போட்டேன். சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, லோகத்துல வேற பேரே கிடைக்கலையா?"

பதினேழு மரணம்

அதன் பிறகு என்னை அவர்கள் படுத்தின பாடு கொஞ்சம் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தது, கால் ஒடிந்தது, குடலிறக்கம் வந்தது. ஒரு நர்சு தவறான கட்டையை அமுக்கியதில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ.

கடைசியில் ஒவ்வொருவரும் நான்கை அமுக்கிக் காட்ட வேண்டும். அதுதான் கஷ்டமான கட்டம். நான்கை அமுக்கியதும் கட்டில் இருபத்து நான்கு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். உடலை எடுத்த பின் கட்டிலைக் கழுவிக் காயவைக்க வேண்டும் அல்லவா, அதற்காக நானே கேட்டு வாங்கிப் போட்ட விதி. பிந்து ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறந்து என்னைத் திரும்பச் சேர்ப்பாள்.

சனிக்கிழமைக்குள் பதினேழு முறை செத்திருந்தேன். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஏழாவது தடவைக்குப் பிறகு எனக்கு ராத்தூக்கம் சரியில்லை. நம்பிக்கை இல்லாதவன்தான்; ஆனாலும் எழுந்து போய்ச் சுவாமி விளக்கைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

எஸ்தர் சிஸ்டர் மட்டும் வார்டு வேலை, வார்டு வேலை என்று தள்ளிக்கொண்டே போனார். திங்கட்கிழமை அடுக்களையையும் மருந்தகத்தையும் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். அன்றிலிருந்து சீட்டுக்குக் கஞ்சி இல்லை, சீட்டுக்கு மருந்தும் இல்லை. பட்டியலில் பெயர் வந்தால்தான். இதையெல்லாம் நான் அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே எழுதிப் போட்டேன்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வியாழக்கிழமை காலை, சிஸ்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்றபோது, நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன். பாறசாலைப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம், ஜெபம் தவறாதவர். என்னைச் சாகடிக்க மனசு வரவில்லை போலும் என்று நினைத்தேன்.

அறுபத்து மூன்று அடி

"சிஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆகாது. பதினேழு தடவை பார்த்தாச்சு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவருக்குப் புரியவே சில நொடிகள் ஆனது தெரிந்தது.

"சாருக்கு என்ன ஆகப் போகுது" என்றார். "வாருங்க. வார்டு வரைக்கும் வாருங்க."

எனக்கு மணி பார்க்கும் வியாதி. எட்டு இரண்டு. துணி அறையிலிருந்து ஆண்கள் வார்டு அறுபத்து மூன்று அடி. வெறுங்காலோடு போனேன், செருப்பைப் போட மறந்துவிட்டேன். ரெக்கார்டு அறையில் முப்பத்தொரு வருஷம் தினமும் காலையில் அந்த வார்டுக் கணக்கு என் மேஜைக்கு வரும்: கட்டில் நாற்பது, ஆள் நாற்பது. நானும் டிக் அடிப்பேன். வார்டுக்குள் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பத்து விரலுக்குள் அடங்கியது.

கஞ்சி வண்டி வந்துகொண்டிருந்தது. அடுக்களைப் பெண் ஒருத்தி, புள்ளி புள்ளியாக அச்சான நீளக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலாகப் பெயர் சொல்லி ஊற்றினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பதோடு வண்டி திரும்பும் என்று நினைத்தேன்.

"நாப்பத்தொந்நு. ஹரிஹரன்."

வாயைத் திறந்து, இதோ, என்று சொல்லக்கூடப் போய்விட்டேன்.

அதற்குள் கீழேயிருந்து ஒரு கை உயர்ந்தது. நாற்பதாம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, பாயில் ஒருவர். வலது பாதத்தில் கட்டு. அலுமினியத் தட்டை நீட்டினார். அவள் கஞ்சியை ஊற்றிவிட்டுக் காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

"போனக்காட்டு எஸ்டேட்டு" என்றார் சிஸ்டர். "செல்லையா. சனிக்கிழமை வந்தாரு. சர்க்கரை. கால்ல புண்ணு. டாக்டர் எழுதின இன்சுலின் ரெண்டு நேரமும் உங்க பேர்லதான் வருது."

சிஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். தரையில் படுக்கிறவர்கள் எப்போதும் உண்டு. சில வாரம் நான்கைந்து பேர்கூட. நாற்பது பேருக்கு வரும் கஞ்சியில் கரண்டி கரண்டியாகக் குறைத்து அவர்களுக்கு ஊற்றுவார். மருந்துக்குத் தனிச் சீட்டு எழுதித் தன் கையெழுத்தில் வாங்குவார். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான். வார்டில் அவர்களுக்குப் பெயர் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. திங்கட்கிழமையிலிருந்து சீட்டு செல்லாது. கஞ்சியிலும் கரண்டி குறைக்க வழியில்லை. ஆளுக்கு அளந்து, பெயருக்குக் கோடு போட்டு ஊற்றுகிறார்கள். கம்ப்யூட்டரில் தரை இல்லை. ஆனால் நாற்பத்தொன்று இருந்தது. அதில் நான் படுத்திருந்தேன்.

"நாலை அமுக்கினா கட்டில் பூட்டிரும், திறக்கப் பிந்துவும் ஊருக்குப் போயாச்சு. பத்து மணிக்கு மத்தியான லிஸ்ட் அடிக்கும், அதில இவரு இருக்க மாட்டாரு. நாளைக்குக் காலை வரைக்கும் ஊசியும் கிடையாது" என்றார். "ஊசி ஒரு நாள் விட்டா அந்தக் கால் போயிரும் சாரே. ஒண்ணோ ரெண்டோ அமுக்குன்னு சொன்னாலும் மாட்டேன். அவருக்குக் குணம் ஆகல்ல."

பதினெட்டுப் பேரில் அந்த இயந்திரத்தை நிஜமான ஒரு மனுஷனுக்காக இயக்கியவர் அவர் ஒருவர்தான். தேறாதவர் பட்டியலில் எழுத நான் வைத்திருந்ததும் அவர் பெயரைத்தான்.

"என்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"முதல் நாளே கேட்டேனே. தரைல கிடக்குறவங்கள எங்க எழுதன்னு. தரைன்னு ஒண்ணு கிடையாது, வார்டுல மொத்தம் நாப்பதுன்னு சாருதான சொன்னீங்க. சாரு கட்டிலத்தான எண்ணினீங்க."

செல்லையா பாயிலிருந்தபடியே எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேரு நீங்கதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கும்பிட வந்த கையைப் பாதியில் நிறுத்தி, தட்டைக் காட்டினார். "உங்களுக்கு உப்பு ஆகாதுங்களா ஐயா? நாலு நாளா கஞ்சி வாயில வைக்க முடியலைங்க."

அண்ணாச்சி வரும் நேரம்

எட்டு இருபதிலிருந்து பத்து வரை நான் உட்காரவில்லை. வராந்தாவின் நீளம் நூற்றுப் பன்னிரண்டு அடி; பத்தொன்பது தடவை போய் வந்தேன். ஒரு தடவை மேஜைமேல் குனிந்து, எஸ்தர் சிஸ்டர் பெயருக்கு நேராக டிக் அடிக்கப் பேனாவைத் திறந்தேன். அடிக்க முடியவில்லை. நடக்காததற்கு நான் டிக் அடித்ததில்லை என்று நினைத்தேன். உடனே, தினமும் நாற்பது நாற்பது என்று அடித்தது ஞாபகம் வந்தது. பேனாவை மூடினேன். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது.

சிஸ்டருக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. ஸ்டோரில் அவர் பஞ்சு எண்ணினால் தரையில் கிடப்பவர்களை யார் எண்ணுவது என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி சரியாகப் பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சட்டையில் சாக்கு வாசனை.

"பதினெட்டும் பாஸா சாமி?"

"பதினேழு. ஒண்ணு நடந்துண்டிருக்கு."

"யாரு, எஸ்தரா? சரி, ஸ்டோருக்குப் போகட்டும். வயசான காலத்துல இதெல்லாம் வராது."

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் ஆள் படுப்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த வார்டைத் தாண்டித்தான் தினமும் அறைக்கு வருகிறார். ஆனால் அது எந்தக் காகிதத்திலும் இல்லை. காகிதத்தில் வந்தால், கட்டில் கொடுத்த நாற்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். தர்ம ஆஸ்பத்திரியில் தரையில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கடைத்தெரு முழுக்கப் பேசும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பத்தொண்ணுன்னு கட்டிலே கிடையாதே சாமி."

"கம்ப்யூட்டர்ல இருக்கு."

"கட்டில்னா கொடுத்தவன்னு ஒருத்தன் வேணும்லா. இது யாரு கணக்குல கஞ்சி குடிக்குது?"

பிரிண்டர் அடுத்த அறையில் இரைய ஆரம்பித்தது. மத்தியானப் பட்டியல். சும்மா போட்ட பெயர், பழகப் போட்ட பெயர், இன்று சாயங்காலம் அழித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. அதுதான் உண்மையும். எனக்கு அப்போது ஒரு பெண் கல்யாணத்துக்கு இருந்தாள். பென்ஷன் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை.

"என் கணக்குல" என்றேன்.

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் நான் கான்டீனில் யாருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை என்பது ஆஸ்பத்திரி அறிந்த விஷயம்.

"அப்பம் சரி" என்றார். "கொடுத்தவன் இருக்கான்னா கட்டிலும் இருக்கு. எஸ்தர் பரீட்சை நடக்கட்டும். எப்பம் முடியுதோ முடியட்டும்."

பரீட்சை முடிந்த நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலையிலிருந்து கைவண்டியில் ஓர் இரும்புக் கட்டில் வந்தது. பித்தளைத் தகடு வேண்டாம் என்றேன். அதற்குத் தனிக் காசு. ஜன்னலுக்குக் கீழே கட்டிலைப் போட்டபோது கதவு முக்கால்தான் திறந்தது. செல்லையாவை அதில் ஏற்றினார்கள். பெயரை மாற்றினோம். கஞ்சியில் உப்பு வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் தன் காலில் நடந்து, கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் விதுரை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தார். அன்று மத்தியானம் எஸ்தர் சிஸ்டர் துணி அறைக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டர் ஒட்டிய கட்டைகளில் விரல் நிற்காமல் ஓடியது. கேள்வி வந்ததும் ஒன்றை அமுக்கினார். குணம்.

நான் அவர் பெயருக்கு நேராக டிக் அடித்தேன். பதினெட்டு.

அவர் எழுந்திருக்கவில்லை. "சாரே" என்றார். "நாப்பத்தொண்ணுல புது ஆளு படுத்தாச்சு. காலைல இன்னும் ஒருத்தரு வந்திருக்காரு, கதவுக்குப் பின்னால பாய் போட்டிருக்கு. நாப்பத்திரண்டுக்கு யாரு?"

அதற்கு நான் என்ன செய்தேன், யார் யார் கடைப்படியில் போய் நின்றேன் என்பது நீண்ட கதை. மானக்கேடான கதையும்கூட.

மேடம் மாதம், அதாவது நம் சித்திரையில், ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பத்தொன்றாம் கட்டிலுக்கான முதல் பில் அச்சாகி வந்தது. மேலே என் பெயர், கீழே நன்றி. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன், இருந்தது. மனைவி கவரை வாங்கிப் படித்துவிட்டு, செத்திருந்தா செலவு இவ்வளவு ஆகியிருக்காது என்றாள். ஆனால் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் வந்தது. ஒவ்வொரு மேடத்திலும் நான் எரிந்து விழுவேன், ஒவ்வொரு மேடத்திலும் கட்டுவேன்.

அந்த வார்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வரை பதினொரு வருஷம். கட்டில் விலை, கைவண்டிக் கூலி, கஞ்சி, மருந்து, எல்லாம் சேர்த்து, நேற்றுகூட ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன்: அறுபத்தோராயிரத்து இருநூற்று எழுபத்து நான்கு ரூபாய் முப்பத்தைந்து பைசா.